ஒன்பதரை மணிக் கரி

மேடையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவனைத்தான் லின்டல் ப்ரோகன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்விக் ஸ்ட்ரான் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான். காலில் சுரங்க பூட்ஸ். பிரின்டில் ரேஞ்ச் நிலக்கரி நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஆறு வருடமாகப் பங்குதாரர் கூட்டத்துக்கு இப்படித்தான் வருகிறான். தான் துளைபோடும் எந்திரத்தில் கூலியாளாகத் தொடங்கியவன் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது. பூட்ஸில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பிரிஸ்பேன் ஆற்றங்கரை ஓட்டலின் வெளிர் கம்பளத்தின் மேல் அது நனைந்த கரியைப் போலப் பளபளத்தது.

"இந்த வருஷம் முட்டை சாண்ட்விச் கிடையாதாம்," என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த நெவில் பக். "வெள்ளரிக்காதான். பச்சையா மாறிட்டோம்னு காட்டறாங்க போல."

நெவுக்கு எழுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடம் துறைமுகத்துக்குக் கரி ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களில் இருப்பதிலேயே குறைந்த பங்குகளை வாங்கிப் போட்டுக்கொண்டார். நவம்பர் வந்தால் ஒரு கூட்டம் விடாமல் போவார். எந்த நிறுவனம் எப்படி நடக்கிறது என்பதை அவர் அறிக்கையில் பார்ப்பதில்லை, சாப்பாட்டு மேசையில் பார்ப்பார். அவரைப் போல இன்னும் முப்பது பேர் இந்த அரங்கில் இருந்தார்கள். பாதிப் பேர் பழைய சுரங்கத்து ஆட்கள்.

"நெவ், கேள்வி ஞாபகம் இருக்குல்ல?" என்றாள் லின்டல்.

"முப்பத்தோரு வருஷம் சிக்னல் மறக்காதவன் நான். ஒரு கேள்வி மறந்துடுமா?"

"சிரிச்சிக்கிட்டே கேக்கணும்."

"பல்செட்டே புதுசு, கண்ணு. அதக் காட்டத்தான் வந்திருக்கேன்."

லின்டல் மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். உள்ளே பதினொரு தாள்கள்.

பதினான்கு வருடம் அவள் அந்த நிறுவனத்தில் வாயு எண்ணியவள். நிலக்கரிக்குள் மீத்தேன் ஒளிந்திருக்கிறது. குழி தோண்டத் தோண்ட அது வானத்துக்குப் போகிறது. எவ்வளவு போகிறது என்பதை முதலீடு செய்தவர்களுக்கு நிறுவனம் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு வழி, நிலத்தைத் துளைத்து உருளை உருளையாகக் கரித்துண்டு எடுத்து ('கோர்' என்பார்கள்), எடுத்த கையோடு எஃகுக் குப்பியில் போட்டு மூடுவது. குப்பிக்குள் அது வாரக்கணக்கில் மூச்சு விடும். அந்த மூச்சை அளந்தால் கணக்கு வந்துவிடும். மூடத் தாமதமானால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. எல்லாம் காற்றோடு போயிருக்கும்.

அதனால் ஒவ்வொரு துண்டு வெளியே வரும்போதும் லின்டல் கையில் கடிகாரத்தோடு எந்திரத்தின் பக்கத்தில் நிற்பாள். நாலு நிமிடம். அதற்கு மேல் போனால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடச் சொல்வாள். துளை போடுகிறவர்கள் அவளுக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பேர் வைத்திருந்தார்கள். அதில் கொஞ்சம் எரிச்சலும் கொஞ்சம் பிரியமும் இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஜூலை மாதத்தில் வடக்குக் குழியில் மறுபடி துளை போட்டார்கள். அந்த மூன்று வாரமும் லின்டலை வார்விக் பெர்த்துக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பிவிட்டான். திரும்பி வந்தபோது வாயு பாதியாகக் குறைந்திருந்தது. நிலத்துக்குள் இருந்த வாயு அப்படியே இருந்தது, தாளில்தான் குறைந்திருந்தது. துளை போடுகிறவர்கள் நேரம் குறித்து வைக்கும் தாள்களை அவள் எடுத்து வைத்துப் பார்த்தாள். பதினொரு துண்டுகள். பதினொன்றும் காலை ஒன்பதரையை ஒட்டி வெளியே வந்திருந்தன. குப்பி மூடிய நேரம் பத்து, பத்தே கால்.

ஒன்பதரை மணி என்றால் ஸ்மோகோ. சுரங்கத்தில் டீக்கும் தீனிக்கும் வேலையை நிறுத்துகிற நேரம். அந்த நேரத்தில் பூமி பிளந்தாலும் ஒருவனும் எழுந்திருக்க மாட்டான். அவள் இருந்தபோது துண்டு வெளியே வருகிற நேரத்தை ஸ்மோகோவுக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளி வைப்பாள். அவள் இல்லாதபோது எவனோ அதைச் சரியாக அந்த நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

இதையெல்லாம் வார்விக்குக்கு எழுதினாள். 'படிச்சேன் லின், இத என்கிட்ட விடு' என்று ஒரு வரி வந்தது. விட்டாள். நாலு மாதம் கழித்து வந்த அறிக்கையில், முந்தைய வருடங்களின் வாயுக் கணக்கு ஊழியர் ஒருவரின் தவறால் இருமடங்காகக் காட்டப்பட்டுவிட்டது என்று இருந்தது. பேர் இல்லை. ஹாலம் க்ரீக் மாதிரி ஒரு சுரங்க ஊரில் பேர் எதற்கு? அடுத்த வாரம் அவள் வேலை போனது. அதற்கடுத்த வாரம் பௌலிங் கிளப்பில் அவள் மேசையில் யாரோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டாப்வாட்ச் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 'கேஸ் அதிகம்னு நீ போட்ட தப்புக் கணக்கால மூணு வருஷம் எங்க போனஸ் போச்சு' என்று ஒரு லாரி டிரைவரின் மனைவி கடையில் பாலும் ரொட்டியுமாக நின்றவளிடம் சொன்னாள். வரிசையில் நின்ற யாரும் தலை நிமிரவில்லை. அவர்களுடைய பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் லின்டல் கேக் செய்து கொடுத்திருக்கிறாள்.

வீட்டை விற்றுவிட்டு பிரிஸ்பேனுக்கு வந்தாள். நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு ஒழுங்குமுறை அலுவலகத்துக்குத் தாள்களை அனுப்பினாள். மரியாதையான பதில் வந்தது. தாளில் இருப்பது எழுதியவர் எழுதிய நேரம், துண்டு வெளியே வந்த நேரம் இல்லை என்று நிறுவனம் சொல்கிறது; அன்று அங்கே நின்று கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். துளை போட்டவர்களோ ஒப்பந்தக்காரர்கள். ஒருவன் மங்கோலியாவில், ஒருவன் சிலியில், மற்றவர்கள் எங்கேயோ.

போன வருடம் இதே கூட்டத்தில் எழுந்து கேட்டாள். வார்விக் அவளைப் பார்த்துச் சிரித்தான். "லின்! உன்னைப் பாத்ததுல சந்தோஷம். ஆனா நான் என்ன கண்டேன், சொல்லு? நான் ஒரு சாதாரண ஆளு. கேஸ் கணக்கெல்லாம் நிபுணருங்க வேலை. அவங்க குடுத்தத நம்பிக் கையெழுத்துப் போடறேன்." மைக் அடுத்தவரிடம் போய்விட்டது.

எனக்குத் தெரியாது. அதுதான் அவன் கவசம். அதற்குப் பிறகு ஒரு வருடம், தூங்கப் போகும்போதும் பல் விளக்கும்போதும், லின்டல் அந்தக் கவசத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கே ஓட்டை, எங்கே ஓட்டை என்று. பிறகு ஒரு நாள், பதினொரு தாள்களை நூறாவது தடவையாகப் புரட்டும்போது, ஏழாவது தாளின் மூலையில் எவனோ கிறுக்கியிருந்ததைப் பார்த்தாள். 'பாஸ் வந்தார். பை 12.' பை என்றால் கறி வைத்துச் சுட்ட மாவுப் பண்டம், ஸ்மோகோவுக்குத் தின்பது.

கண்ணால் பார்த்த சாட்சி மேடையிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் வாயால் வர வேண்டும், அவ்வளவுதான். அவள் கேட்டால் வராது. வேறு யாராவது கேட்க வேண்டும், அதுவும் அவனுக்கு அரிக்கிற இடத்தில் சொறிந்துவிட்டுக் கேட்க வேண்டும்.

"கேள்விகளுக்கு நேரம்," என்றார் கூட்டத் தலைவர். அரங்கின் நாலு மூலையிலும் கேமராக்கள் இருந்தன. கூட்டம் முழுவதும் பதிவாகிக்கொண்டிருந்தது. சட்டப்படி அதை யாரும் பார்க்கலாம்.

நெவ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மைக்கை ஐஸ்கிரீம் மாதிரிப் பிடித்தார்.

"வார்விக், நான் நெவ். கரி ரயில் ஓட்டினவன். உங்க கரிதான் என் பொண்டாட்டிய விட அதிகமா என் கூட இருந்துச்சு."

சிரிப்பு. வார்விக்கும் சிரித்தான்.

"எங்க கிளப்புல ஒருத்தன் இருக்கான். வாயாடி. என்ன சொல்றான், வார்விக் எல்லாம் இப்ப குழிப் பக்கமே போறதில்ல, லேப்டாப்லயே கரி வெட்டறார்ங்கறான். நான் விடுவேனா? பத்து டாலர் பந்தயம் கட்டிட்டேன். அறிக்கையில போட்டிருக்கே, வடக்குக் குழியில புதுசா துளை போட்டு கேஸ் பாதியா கொறஞ்சுதுன்னு. அப்ப நீங்க நேர்ல போனீங்களா, இல்ல ஆபீஸ்லயே உக்காந்து கையெழுத்துப் போட்டீங்களா? என் பத்து டாலரக் காப்பாத்துங்க."

வார்விக்குப் பக்கத்தில் இருந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் அனெலீஸ் கோ ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். அதில் என்ன இருக்கும் என்று லின்டலுக்குத் தெரியும்: 'அறிக்கையில் உள்ளபடி.' வார்விக் அந்தத் தாளைப் பார்த்தான். நெவைப் பார்த்தான். முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த பழைய சுரங்கத்து ஆட்களைப் பார்த்தான். லின்டலின் விரல்கள் துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தன. சொல்லு. சொல்லுடா.

அவன் தாளைத் தள்ளிவிட்டு எழுந்து மேடையின் ஓரத்துக்கு வந்தான்.

"நெவ், இன்னிக்கு சாயங்காலமே போய் பத்து டாலர வாங்கிக்கோங்க."

கைதட்டல்.

"ஜூலை மாசம். குளிர்னா குளிர். ஹாலம் க்ரீக் பேக்கரில பன்னெண்டு பை வாங்கினேன், நல்ல கறி பை, நானே வண்டி ஓட்டிக்கிட்டுப் போனேன். போய் இறங்கறேன், கோர் அப்பத்தான் வெளிய வருது. மணி சரியா ஒன்பதரை. பசங்க என்னைப் பாக்கறாங்க, என் கையில இருக்கற பையப் பாக்கறாங்க, கோரப் பாக்கறாங்க. எதச் செலக்ட் பண்ணுவாங்க?"

"பை!" என்று யாரோ கத்தினார்கள்.

"பைதான்! கோரத் தட்டுல போட்டுட்டு எல்லாரும் உக்காந்துட்டோம். என் பூட்ஸுக்குப் பக்கத்துல கெடந்துச்சு அந்தக் கரி. இந்தக் கையால தொட்டுப் பாத்தேன். லேப்டாப்ல அத செய்ய முடியுமா?"

அரங்கம் அவனுடையதாக இருந்தது. நெவ் உட்காரவில்லை.

"நல்லது வார்விக். ஆனா பாஸ் வந்து நின்னா பசங்களுக்கு பை தொண்டையில எறங்குமா? அஞ்சு நிமிஷத்துல எழுப்பி விட்டிருப்பீங்க."

வார்விக்கின் முகம் கொஞ்சம் சிவந்தது. நெவ் கச்சிதமாக அந்த இடத்தில் சொறிந்துவிட்டார்.

"அரை மணி நேரம், மேட். முழுசா அரை மணி நேரம். உழைக்கறவனோட ஸ்மோகோல நான் ஒரு நிமிஷம் கூடத் திருடினதில்ல. பசங்களக் கேட்டுப் பாருங்க. முடிச்சிட்டு, கைய தொடச்சிட்டு, அப்பறம்தான் எந்திரிச்சு அந்தக் கோரக் குப்பியில போட்டாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். இந்த நிறுவனத்துல எல்லா நாளும் அப்படித்தான்."

இந்த முறை கைதட்டல் ஓயச் சிறிது நேரம் ஆனது. நெவ் உட்கார்ந்து மைக்கை லின்டலிடம் கொடுத்தார். "பல்லு எப்படி?" என்று வாயசைத்தார்.

லின்டல் எழுந்தாள்.

வார்விக் அவளைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் உள்ளே இருந்து யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு போனதைப் போல இருந்தது.

"லின்டல் ப்ரோகன். ஒரே ஒரு கேள்வி, வார்விக். கோர் வெளிய வந்தா எத்தன நிமிஷத்துல குப்பியில போட்டு மூடணும்?"

"அது... லின், அதெல்லாம் நிபுணருங்க..."

"நீ துளை போட்டு மேல வந்தவன். பக்கத்துல இருந்து பாத்தேன்னு இப்பத்தான எல்லார்கிட்டயும் சொன்ன."

அனெலீஸ் கோ எழுந்து நின்றாள். கூட்டத் தலைவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், காதில் கருவி மாட்டியவர், யாரும் கேட்காமலேயே சத்தமாகச் சொன்னார்: "உடனே மூடணும்! வெளிய வெச்சா கேஸெல்லாம் போயிடுமே. இது கூடத் தெரியாதா அவனுக்கு?"

பழைய சுரங்கத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைதட்டியவர்கள் அவர்கள்தான். இப்போது அவர்களுடைய முகங்களில், தாங்கள் எதற்குக் கைதட்டினோம் என்பது மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"பதினொரு கோர்," என்றாள் லின்டல். "பதினொன்னும் ஒன்பதரைக்கு வெளிய வந்திருக்கு. பதினொன்னும் அரை மணி நேரமாவது தட்டுல கெடந்திருக்கு. கேஸ் கொறையல. அது ஸ்மோகோ நேரத்துல பறந்துபோச்சு. மிச்சத்த அளந்து, பாதியா கொறச்சிட்டோம்னு முதலீடு பண்ணவங்களுக்கு எழுதிக் குடுத்தீங்க. நான் நாலு நிமிஷத்துல மூடி எடுத்த பழைய கணக்க, ஊழியரோட தவறுன்னு போட்டீங்க. இது நடந்தப்ப அங்க நின்னு பாத்தவங்க யாராவது வேணும்னு ஒழுங்குமுறை அலுவலகத்துல கேட்டாங்க. இன்னிக்குக் கெடச்சிட்டாங்க. நன்றி, வார்விக்."

உட்கார்ந்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். செவிலியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து வந்திருந்த மெரே பரட்டா. அந்த நிதி பிரின்டில் ரேஞ்சில் பங்கு வாங்கியதே வாயு பாதியாகக் குறைந்தது என்ற அந்த அறிக்கையைப் பார்த்துத்தான்.

"தலைவர் அவர்களுக்கு," என்றாள் மெரே, மிக மெதுவாக. "தலைமை அதிகாரி இப்ப சொன்னத வார்த்தைக்கு வார்த்தை குறிப்புல ஏத்தணும். ஒரு வார்த்தை கூட விடாம. பை உட்பட."

கூட்டம் இருபது நிமிடம் முன்னதாகவே முடிந்தது.

தேநீர் மேசையருகே நெவ் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். லின்டல் ஜன்னலோரம் நின்றாள். வெளியே ஆற்றின் மேல் மழை இறங்கத் தயாராக இருந்தது. வார்விக் நேராக அவளிடம் வந்தான். மடித்த சட்டைக் கை ஒன்று அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"கேவலமான வேலை, லின். ஒரு கெழவன விட்டுப் பேச வெச்சு..."

"நீதான் பேசின."

அவன் சுற்றிலும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "சரி. என்ன வேணும்? கடிதம் தரேன். கம்பெனி லெட்டர்ஹெட்ல. பழைய கணக்கு உன் தப்பு இல்ல, நீ செஞ்சது எல்லாம் சரின்னு. ஹாலம் க்ரீக் நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்றேன். இன்னிக்கே. அந்த நர்ஸ் நிதிக்காரிகிட்ட மட்டும் இதுக்கு மேல ஒன்னும் குடுக்காத."

லின்டல் அந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை மனசுக்குள் படித்திருக்கிறாள். பால் வாங்குகிற வரிசையில், அந்த லாரி டிரைவரின் மனைவி அதை உரக்கப் படிப்பதாகக்கூட. ஒரு வருடத்துக்கு முன்பு இவன் இதைக் கொடுத்திருந்தால் அழுதிருப்பாள், அவன் கையைக்கூடப் பிடித்திருப்பாள். இப்போது அந்த ஆசை இருக்க வேண்டிய இடத்தில் தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அவனுடைய கீழுதடு லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது. ஆனால் அந்தப் பயமும் பிடித்தது.

"நல்ல கடிதம்தான்," என்றாள்.

"அப்ப சரிதானே?"

"நீ அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டா, உனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சுன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. போடலன்னா தெரியாதுன்னு இன்னொரு தடவ பொய் சொல்லணும், இன்னிக்குப் பேசினதுக்கு அப்பறம். எதச் செஞ்சாலும் எனக்குச் சரி வார்விக். ராத்திரி உக்காந்து யோசி. நான் ஒரு வருஷம் அப்படித்தான் உக்காந்தேன்."

"லின், எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு."

"எனக்குப் பதினோரு வருஷம் இருந்துச்சு."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அனெலீஸ் கோ பின்னாலிருந்து வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள். "வார்விக், போதும். தயவுசெஞ்சு இன்னிக்கு இனிமே யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க." குழந்தையைக் கூட்டிப் போவதைப் போல அவனைக் கதவுப் பக்கம் கூட்டிப் போனாள். அவன் போகிற வழியில் பழைய சுரங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் கோப்பைகளோடு நின்றிருந்தார்கள். ஒருவரும் வழிவிடவில்லை. அவன் சுற்றிக்கொண்டு போனான்.

மெரே பரட்டா மேசையின் கடைசியில் காத்துக்கொண்டு நின்றாள். கையில் கோப்பை இல்லை, பேனா இருந்தது. லின்டல் துணிப்பையிலிருந்து தாள்களை எடுத்து, சாண்ட்விச் தட்டைத் தள்ளிவிட்டு, மேசைத் துணியின் மேல் வரிசையாகப் பரப்பினாள். ஓரங்கள் சுருண்டுகொண்டன, உள்ளங்கையால் ஒவ்வொன்றையும் நீவிவிட்டாள். அவசரமே இல்லை. இந்த வேலையைத்தான் அவள் பதினான்கு வருடம் செய்தாள்.

"பதினொன்னு இருக்கு," என்றாள். "வார்விக் அங்க இருந்த நாள் ஏழாவது. ஆனா முதல்ல இருந்து ஆரம்பிப்போம். அப்பத்தான் எல்லா நாளும் இப்படித்தான் நடந்ததுன்னு புரியும்."